தாய் டிஸ்க், பிள்ளை டிஸ்க்

அழிந்த தகவல்களை மீட்டுத் தரும் உங்கள் நிலையத்தின் படிவத்தில் 'டிஸ்க்குக்கு என்ன நேர்ந்தது?' என்ற கேள்விக்கு மூன்று வரிதான் இடம் விட்டிருக்கிறீர்கள். பெரும்பாலானவர்களுக்கு அது போதும். கீழே விழுந்தது, தண்ணீர் கொட்டியது, குழந்தை எதையோ அழுத்திவிட்டது. நானும் முதலில் மூன்றே வரியில்தான் எழுதினேன். அதைப் படித்துவிட்டு நீங்கள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தீர்கள். "முன்பாதி போனது சரி சார், பின்பாதி எப்படிப் போச்சு?" என்று கேட்டீர்கள். என்னை இந்த உள்ளறையில் உட்காரவைத்து, நாலு வெள்ளைத் தாளைக் கையில் கொடுத்து, "நீங்களும் இந்தத் தொழில்தானே, நடந்ததை வரிசையா எழுதிக் குடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். கதவுக் கண்ணாடி வழியாக என் தங்கை தெரிகிறாள். பெஞ்சில் ஒடுங்கி உட்கார்ந்திருக்கிறாள். அவள் மகள், நாலு வயது இன்னும் நிறையவில்லை, பக்கத்தில் ஏறி நின்றுகொண்டு உங்கள் அலமாரியில் இருக்கிற பெட்டிகளை எண்ணிக்கொண்டிருக்கிறாள். ஒன்பதுக்குப் பிறகு பதினொன்றுக்குத் தாவிவிடுகிறாள்.

வரிசையாகவே எழுதுகிறேன், மேடம்.

நான் இருபத்திரண்டு வருடமாகக் கம்ப்யூட்டர் பழுது பார்க்கிறவன். என் கடையில் பழைய டிஸ்க்கைத் 'தாய்' என்போம், புதியதைப் 'பிள்ளை' என்போம். தாயில் இருப்பது பிள்ளைக்குப் போக வேண்டும். திசை மாறினால் வெறும் பிள்ளை தாயின் மேல் படிந்து இருப்பதையெல்லாம் துடைத்துவிடும். அதற்காகவே தாய்க்குச் சிவப்பு டேப் ஒட்டுவேன், பிள்ளைக்கு வெள்ளை டேப். டிஸ்க்குக்குத் திரை காட்டும் எழுத்தை நான் நம்புவதே கிடையாது. வேறு டிஸ்க்கிலிருந்து கம்ப்யூட்டரை எழுப்பினால் நேற்று 'சி'யாக இருந்தது இன்று 'டி'யாகி நிற்கும் என்பது உங்களுக்கும் தெரியும். பார்ட்டிஷனின், அதாவது டிஸ்க்கைப் பிரித்து வைத்த ஒவ்வொரு பகுதியின், அளவைப் பார்ப்பேன். பிறகு அதைத் திறந்து உள்ளே என்ன இருக்கிறது என்று கண்ணால் பார்ப்பேன். அப்புறம்தான் கை வைப்பேன். இன்னொன்று, பிரதி எடுக்காமல் எதையும் அழிக்கமாட்டேன். இத்தனை வருடத்தில் தாயையும் பிள்ளையையும் நான் மாற்றியதில்லை. ஒருமுறைகூட.

ஆகவே படிவத்தில் எழுதிய மூன்று வரி பொய். அதை நீங்கள் ஏற்கெனவே கண்டுபிடித்துவிட்டீர்கள்.

என் தங்கையின் கணவர் ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை பார்த்தார். மீதி நேரத்தில் வீட்டில் உட்கார்ந்து, பார்வையில்லாத மாணவர்களுக்காகப் பாடப் புத்தகங்களை வாசித்துப் பதிவு செய்வார். நல்ல குரல். மகள் பிறந்த பிறகு, அவளுக்கு விவரம் தெரியும்போது கேட்கட்டும் என்று இருபத்தொரு கதைகளையும் பதிவு செய்து வைத்தார். எந்தப் பதிவைத் தொடங்கினாலும் முதலில் இரண்டு முறை தொண்டையைச் செருமுவார். "ஏன் மாப்பிள்ளை, வர்றேன்னு கதைக்குத் தகவல் சொல்றீங்களா?" என்று நான் கிண்டல் செய்வேன். சிரிப்பார். என்னிடம் அவருக்கு ஒட்டுதல் அதிகம். கூடப் பிறந்தவர்கள் யாரும் இல்லாதவர். எல்லாவற்றுக்கும் மச்சான், மச்சான் என்று என்னைத்தான் தேடுவார்.

ஒரு குறை உண்டு. தும்மல் வந்தால்கூட ஊரைக் கூட்டுகிற மனிதர். காலில் முள் குத்தினால் மூன்று பேருக்குப் போன் போகும். நாங்கள் வீட்டில் அவரை 'பேஷன்ட்' என்றுதான் கூப்பிடுவோம். அவரும் கோபித்துக்கொள்ளமாட்டார்.

குழந்தைக்குப் பதினாலு மாதமாக இருந்தபோது, ஒரு நாள் பிற்பகல், அந்த பேஷன்ட் தன் மேஜையிலேயே உட்கார்ந்தபடி இறந்துபோனார். மாரடைப்பு. தங்கை தபால் அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். குழந்தையைக் காப்பகத்திலிருந்து தூக்கிக்கொண்டு ஐந்தரை மணிக்கு வீடு வந்தபோதுதான் பார்த்தாள். அவருடைய போனில் கடைசியாக இருந்தது என் எண். இரண்டு மணி நாற்பதுக்குப் பேசியிருந்தார்.

"உன்கிட்டதானே கடைசியாப் பேசியிருக்காரு. என்னண்ணா சொன்னாரு?" என்று தங்கை கேட்டாள். அவளைச் சுற்றி இருபது பேர் நின்றிருந்தார்கள். எல்லோரும் என் வாயையே பார்த்தார்கள். "நல்லாத்தாம்மா பேசினாரு. உங்க தங்கச்சி வர்றதுக்குள்ள பத்துப் பக்கம் முடிக்கணும் மச்சான், இல்லேன்னா எனக்குப் பாட்டு விழும்னு சிரிச்சாரு" என்றேன். அந்த அழுகையிலும் அவள் முகத்தில் ஒரு சிரிப்பு வந்து போனது. அன்றிலிருந்து அவள் பிடித்துக்கொண்டு நின்றது அந்த ஒரு வாக்கியத்தைத்தான். சிரித்துக்கொண்டே போனார் என்று எல்லோரிடமும் சொன்னாள். குழந்தை பேசக் கற்றுக்கொண்டபோது அவளுக்கும் சொல்லிக்கொடுத்தாள். இப்போதும் அந்த மேஜையில் யாராவது உட்கார்ந்தால், "சீக்கிரம் படி, அப்பாக்குப் பாட்டு விழும்" என்று ஓடி வருவாள்.

அப்படி ஒரு வாக்கியத்தை அவர் சொல்லவே இல்லை.

போன மாதம் தங்கை கம்ப்யூட்டரைக் கடைக்குக் கொண்டுவந்தாள். "ரொம்ப மெதுவாயிடுச்சுண்ணா. நின்னுபோறதுக்கு முன்னாடி புது டிஸ்க்குல மாத்திக் குடு. வேற எது போனாலும் பரவால்ல, அவர் குரல் போயிடக் கூடாது." தினமும் சாப்பாட்டு நேரத்தில் ஒரு கதை போடுவாளாம். தட்டை வைத்துவிட்டுக் குழந்தை தானும் இரண்டு முறை செருமிக்கொள்வாளாம். தகப்பன் என்று அவளுக்குத் தெரிந்ததெல்லாம் அந்தக் குரல்தான்.

நான் முறைப்படி வேலையைத் தொடங்கினேன். தாய் ஐந்நூறு ஜிபி, பிள்ளை இருநூற்று நாற்பது. குரல்கள் இருந்த பெரிய பார்ட்டிஷன் தாயின் பின்பாதியில் இருந்தது. அதில் குழப்பமில்லை. ஆனால் பெரியதை மட்டும் எடுத்துப் போட்டால் புது டிஸ்க்கில் கம்ப்யூட்டர் எழும்பாது. அதை எழுப்பிவிடுகிற சிறிய பார்ட்டிஷனும் கூடவே போக வேண்டும். அன்று சிறியதாக இரண்டு இருந்தன. இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு, இரண்டுக்கும் பெயரில்லை. எது எழுப்புகிறது என்று தெரிந்துகொள்ள வழக்கம்போல உள்ளே திறந்து பார்த்தேன்.

ஒன்று எழுப்புகிறது. மற்றொன்றை மாப்பிள்ளையே ஒதுக்கியிருந்தார். பதிவு முடிந்து சேமிக்கும்வரை ஒலி தங்குவதற்கான இடம். அதில் ஒரே ஒரு ஃபைல் கிடந்தது. பெயர் கிடையாது, வெறும் எண்கள். தேதி அவர் இறந்த நாள். அன்று மூன்றே முக்கால் வாக்கில் கரண்ட் போயிருக்கிறது. பதிவு சேமிக்கப்படாமல் அங்கேயே நின்றுவிட்டது.

ஒரு மணி பத்து நிமிடம். முழுவதும் கேட்டேன்.

முதலில் செருமல் இரண்டு. பிறகு மண்ணின் வகைகளைப் பற்றி ஒன்றரைப் பக்கம். பிறகு நிறுத்தி, போனை எடுக்கிறார். "மச்சான், நெஞ்சு என்னவோ பண்ணுது. கொஞ்சம் வர்றீங்களா… இல்ல, விளையாட்டு இல்ல… சரி, சரி. வேலையை முடிச்சுட்டே வாங்க. நான் உக்காந்திருக்கேன்." நான் சொன்ன பதில் அதில் இல்லை. அது எனக்கு நினைவிருக்கிறது. "டிஸ்க் காப்பி ஓடிட்டிருக்கு பேஷன்ட், நாற்பது பர்சென்ட்தான் ஆயிருக்கு, முடிஞ்சதும் வர்றேன்" என்றேன். கடையிலிருந்து அந்த வீடு பன்னிரண்டு நிமிட நடை. காப்பி தானாகவே ஓடும், பக்கத்தில் ஆள் உட்கார வேண்டிய அவசியம் இல்லை. இதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அது முடிந்ததும் சாப்பிட்டேன். சாப்பிட்டதும் கண் அசந்துவிட்டது.

பதிவில் அதற்கப்புறம் பெரும்பாலும் மின்விசிறிச் சத்தமும் மூச்சும்தான். நடுவில் நாலைந்து தடவை, தனக்குத்தானே, "மச்சான் வந்துடுவார்" என்கிறார். நாற்பதாவது நிமிடத்தில் எங்கோ ஒரு கேட் திறக்கிற சத்தம். பக்கத்து வீடாக இருக்க வேண்டும். "வந்துட்டீங்களா மச்சான்?" என்று கேட்கிறார். குரலில் அவ்வளவு சந்தோஷம். அதற்குப் பிறகு பேச்சில்லை.

எனக்கு அழுகை வந்தது. அதை மறைக்க விரும்பவில்லை. கடைக் கதவைச் சாத்திவிட்டு வெகுநேரம் அழுதேன். அழுது முடித்ததும் நிதானமாக யோசித்தேன்.

இதைத் தங்கை கேட்டால் என்ன ஆவாள்? சிரித்துக்கொண்டே போனார் என்று நம்பிக்கொண்டிருக்கிறவள். அந்த நம்பிக்கையைப் பிடுங்க எனக்கு உரிமை இல்லை. அந்த ஒரு ஃபைலை மட்டும் அழித்திருக்கலாமே என்று கேட்பீர்கள். யோசித்தேன். அழித்ததை மீட்டுவிடலாம், அதுதானே உங்கள் தொழில். பதிவு செய்கிற புரோகிராம் தேதியையும் நேரத்தையும் வேறொரு இடத்தில் குறித்து வைக்கும். என்றைக்காவது யாராவது பார்த்து, இந்த ஒரு மணி பத்து நிமிடம் எங்கே என்று கேட்கலாம். அதோடு, வாராவாரம் ஞாயிற்றுக்கிழமை நான் அங்கேதான் சாப்பிடுகிறேன். இனி அந்தச் செருமலைக் கேட்டுக்கொண்டு எனக்குச் சோறு இறங்குமா? குழந்தையையும் பாருங்கள். ஒரு குரலை அப்பா என்று நினைத்து எத்தனை நாள் வளர்வாள்? தங்கைக்கும் வயது முப்பத்திரண்டுதான். அந்தக் குரல் இருக்கும்வரை அவள் வேறொரு வாழ்க்கையைத் திரும்பிப் பார்க்கமாட்டாள். எப்படிப் பார்த்தாலும் முழுவதும் போவதுதான் அவர்களுக்கு நல்லது என்று பட்டது.

சிவப்பு டேப் ஒட்டியதை அளவு பார்த்து, உள்ளே திறந்து பார்த்து, இதுதான் தாய் என்று உறுதி செய்துகொண்டேன். பிறகு, யாராலும் எதையும் மீட்க முடியாதபடி, முதல் இடத்திலிருந்து கடைசி இடம்வரை சுழியம் எழுதினேன். மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆனது. பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன், எழுந்து போகவில்லை.

அங்கேதான் சறுக்கினேன். வெறும் பிள்ளை தவறுதலாகத் தாயின் மேல் ஏறியிருந்தால் இருநூற்று நாற்பதோடு நின்றிருக்கும். பின்பாதியில் கதைகள் அப்படியே இருந்திருக்கும். நான் எதையும் அரைகுறையாக விடுகிறவன் இல்லை.

தங்கையிடம், "எழுத்து மாறிப்போச்சும்மா, தாயும் பிள்ளையும் மாறிடுச்சு" என்றேன். அந்தப் பழைய டிஸ்க்கை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் கழித்து அவளே எழுந்து வந்து என் தோளைத் தொட்டாள். "விடுண்ணா. நீ என்ன வேணும்னா செஞ்ச?" என்றாள். என்னைத் தேற்றினாள், மேடம். குழந்தை அன்று தட்டை வைத்துக்கொண்டு, கதை வராததால், தானே செருமிச் செருமிப் பார்த்தாளாம். வீண் அலைச்சல் வேண்டாம், போனது போனதுதான் என்று தங்கையிடம் எவ்வளவோ சொன்னேன். "கேட்டுத்தான் பார்ப்போமே" என்று உங்கள் முகவரியைத் தேடிப் பிடித்தாள்.

இதை எழுதும்போது குழந்தை கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள். "மாமா, எழுதி முடிச்சுட்டியா? அப்பா கிடைச்சாச்சா?" என்றாள். இன்னும் கொஞ்சம் இருக்குடா கண்ணு என்றேன். தலையை ஆட்டிவிட்டுப் போய்ப் பழையபடி பெஞ்சில் ஏறிக்கொண்டாள்.

உங்கள் படிவத்தில் ஒரு கேள்வி பாக்கியிருக்கிறது. 'வேறு பிரதி எங்காவது உள்ளதா?' பக்கத்தில் இரண்டு கட்டங்கள், உண்டு, இல்லை.

பிரதி எடுக்காமல் எதையும் அழிக்கமாட்டேன் என்று மேலே எழுதினேன். அன்றைக்கும் எடுத்தேன். கதைகளை எடுக்கத் தோன்றவில்லை. அந்தக் கடைசிப் பதிவை மட்டும் ஒரு பென்டிரைவில் போட்டுக்கொண்டேன். இப்போது என் சட்டைப் பையில்தான் இருக்கிறது. கடையில் ஆள் இல்லாதபோது கேட்பேன். மாப்பிள்ளையின் குரல் என்று உலகத்தில் மிச்சமிருப்பது இது ஒன்றுதான். அந்த ஒரு மணி பத்து நிமிடத்தில் அவர் என்னை ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை. வந்துடுவார், வந்துடுவார் என்றே சொல்லிக்கொண்டிருக்கிறார். என்னை அவ்வளவு நம்பிய குரலை அழிக்க எனக்கு மனசு வரவில்லை.

நீங்கள் இந்தத் தாள்களைக் கிழித்துவிட்டு, முதலில் எழுதிய மூன்று வரியையே வைத்துக்கொள்ளுங்கள். நம் தொழிலில் யாருக்கும் நேரக்கூடிய தவறுதான், தங்கை நம்பிவிடுவாள். கடைசிக் கேள்விக்கு 'இல்லை' என்ற கட்டத்தில் குறியிட்டிருக்கிறேன். உண்மை தெரிந்தால் அவள் தாங்கமாட்டாள். எல்லாமே அவளையும் குழந்தையையும் நினைத்துச் செய்ததுதான். முதலிலிருந்து ஒருமுறை படித்துப் பாருங்கள், எனக்காக நான் செய்தது என்று இதில் ஒன்றுகூட இருக்காது.