நாற்பத்தெட்டு டிகிரி

பிற்பகல் மூன்று நாற்பதுக்குத் தேநீர் குடிப்பது என் வழக்கம். அன்று குடிக்கவில்லை. உட்கார முடியவில்லை. ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடந்துகொண்டிருந்தேன்.

இராமநாதபுரத்தில் ஒரு கல்லூரி ஆய்வகம். சாயம் ஊறிய கண்ணாடித் தகடுகளால் வெயிலை மின்சாரமாக்குவது எனக்கும் நாகஜோதிக்கும் ஆராய்ச்சி. தகட்டின் வெள்ளைப் பூச்சை முதலில் உலையில் நானூற்றைம்பது டிகிரியில் சுட வேண்டும். சூடு குறைந்தால் பூச்சு உதிரும். கூடினால் துகள்கள் பருத்துவிடும், சாயம் பிடிக்காது.

நாகஜோதியைப் பெற்ற அய்யா எங்கள் வயலில் வேலை பார்ப்பவர். அதை நான் ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை. அவள் தகடுகள் என்னுடையவற்றைவிட அதிக மின்சாரம் தந்தன. வெளிநாட்டு ஆய்வகத்துக்கு ஒருவரைத்தான் அனுப்புவார்கள்.

உலையின் பின்புறம் வெப்பத்தை அளக்கும் கம்பி செருகியிருக்கும். அவள் சுடும் நாட்களில் அதை ஒரு விரற்கடை வெளியே இழுத்துவைத்தேன். திரையில் நானூற்றைம்பது, உள்ளே ஐந்நூற்றைம்பது. ஏழு மாதம் அவள் தகடுகள் தேறவில்லை. பூச்சை மாற்றினாள், சாயத்தை மாற்றினாள். என்னிடம்தான் யோசனை கேட்டாள். பொறுமையாகச் சொன்னேன்.

பிறகு அவளாகவே சூட்டைக் குறைத்துப் பார்த்தாள். திரையில் முந்நூற்றெழுபது. தகடுகள் தேறிவிட்டன.

அன்று உலையில் அவளுடைய கடைசித் தொகுதி. ஆய்வக உதவியாளர் கபீர் எட்டிப்பார்த்தார்.

"என்னம்மா, இட்லி வெந்துருச்சா?"

"வெந்துருச்சு பாய். ஆறணும். சட்னிக்குச் சொல்லிட்டு வருவோம், வாங்க."

இருவரும் தேநீர் குடிக்கப் போனார்கள். திரை ஐம்பதுக்குக் கீழே இறங்கினால் தகடுகள் அடுக்கிய தட்டை வெறுங்கையால் எடுப்பது எங்கள் பழக்கம். நான் கம்பியை முழுவதும் உருவினேன். திரையில் நாற்பத்தெட்டு. உள்ளே இருநூற்றைம்பது இருக்கும். ஆறாமல் வெளியே வந்தால் கண்ணாடி விரிசல் விடும். அவ்வளவுதான் எண்ணினேன்.

திரும்பி வந்த நாகஜோதி திரையைப் பார்த்தாள். "சீக்கிரம் ஆறிருச்சேண்ணே."

"ஆமாத்தா," என்றேன்.

இரு கைகளாலும் பீங்கான் தட்டைத் தூக்கினாள். கீழே போடவில்லை. மேசைவரை நான்கு எட்டு. வைத்த பிறகுதான் கத்தினாள்.

நான் தகடுகளைப் பார்த்தேன். ஒன்றுகூட விரிசல் விடவில்லை.

எல்லோரும் அவளோடு ஓடியபோது கம்பியைத் திரும்பச் செருகினேன். இந்த விசாரணையில் நீங்கள் கேட்டது இதைத்தான்.

இனி விரல்கள் மடங்காது என்று மருத்துவர் என்னிடம் மட்டும் சொன்னார். அவள் அய்யா என்னைக் கும்பிட்டு, உட்காரச் சொல்லி நாற்காலியைத் தள்ளினார். நான் நின்றேன்.

நாகஜோதி கட்டுப்போட்ட கைகளை வயிற்றின்மேல் வைத்திருந்தாள்.

"கை சரியாகுற வரைக்கும் என் தகடுகள நீங்களே சுட்டுத் தாரீகளாண்ணே?"