ஒழுகாத வீடு

வித்துராவிலிருந்து போனக்காடு போகும் பஸ்ஸில், எனக்கு முன் இருக்கையில் இரண்டு எஸ்டேட் பெண்கள். பஸ் கிளம்பியதும் மூத்தவள் சொன்னாள்: "என் வீடு மட்டும் ஒழுகியிருந்தா இன்னிக்கு மைக்கு என் கையில இருந்திருக்கும்."

"என்னக்கா சொல்றே?"

"நம்ம எஸ்டேட்டுக்கு உதவி பண்ற டிரஸ்ட்டுக்காரங்க, வெளிநாட்டு ஆளுங்களைக் கூட்டிட்டு வீடு பாக்க வராங்கன்னதும், நான் கிறுக்கி மாதிரி கூரைக்குப் புது ஷீட்டு போட்டேன், வெள்ளையடிச்சேன், பாய் விரிச்சேன். அன்னிக்குன்னு பாத்து நல்ல மழை. டிரஸ்ட்டு மேடம் வாசல்ல நின்னு எட்டிப் பாத்தாங்க. 'அடிபொளி, சூப்பரா இருக்கு'ன்னுட்டு நேரா பக்கத்துல லீலா வீட்டுக்குப் போயிட்டாங்க."

"அவ வீட்டுக்குள்ளயும் மழைதான் பெய்யும்."

"பின்னே? அதைத்தான் போட்டோ எடுத்தாங்க. இப்ப அவ டிரஸ்ட்டு புஸ்தகத்துக்கு அட்டைப் படம். திருவனந்தபுரத்துல பெரிய ஹோட்டல்ல கூட்டமாம், இன்னிக்கு அவ பேசுறா. காரு வந்து கூட்டிட்டுப் போச்சு."

"அந்தப் படத்தை நானும் பாத்தேன். பாவமா இருந்துச்சு."

"அவ பக்கத்துல தண்ணி பிடிக்க ஒரு குண்டா இருக்குல்ல? அது என்னோடதாக்கும், கேட்டியா. என் குண்டா அட்டையில வந்துருச்சு, நான் வரல."

மழை பிடித்துக்கொண்டது. எல்லோரும் ஷட்டரை இறக்கினார்கள். மூத்தவள் எழுந்து நின்றாள்.

"டிரைவர் அண்ணனைக் கொஞ்சம் வேகமா ஓட்டச் சொல்லுடி. லீலா வீட்டுச் சாவி எங்கிட்டதான் இருக்கு. போய்க் குண்டா வைக்கணும்."