பதினாலாம் தேதிப் பிரெஞ்சுக்காரன்

குமாரசிங்கம்: ...என்ன எண்டு? இன்னொருக்காச் சொல்லு.

அழகர்: பிரெஞ்சுக்காரங்க.

குமாரசிங்கம்: ஆர்?

அழகர்: நாந்தாங்க, கிளாக்கரையா.

குமாரசிங்கம்: நேற்றுப் பின்னேரம் கொழுந்து நிறுக்கேக்கை நல்ல தமிழனாய்த்தானே நிண்டனி?

அழகர்: நேத்து சொல்ல வேண்டிய அவசியம் வரலீங்க.

குமாரசிங்கம்: சரி. பிரெஞ்சுக்காரருக்கு இப்ப என்ன வேணும்?

அழகர்: செவ்வாக்கெழம லீவுங்க. ஜூலை பதினாலு. எங்க நாட்டுப் பெருநாளு.

குமாரசிங்கம்: "எங்க நாடு"... அழகர், இது ஊவாச் சீசன். காத்து மாறி அடிக்குது. தேயிலைக் கொழுந்துக்கு வாசம் ஏறுற மாசம். செப்டம்பர் முடியுமட்டும் கவுண்மேந்துக் கச்சேரிக்குப் போக லீவில்லை, கோட்டுக்கு லீவில்லை, மச்சாள் கலியாணத்துக்கும் லீவில்லை. துரையின்ரை கட்டளை.

அழகர்: பண்டிகைக்கு மட்டும் உண்டுன்னு ஆள் கூடுற பெரட்டுக் களத்துல ஐயாதானே வாசிச்சீங்க.

குமாரசிங்கம்: வாசிச்சனான். வெசாக், தீபாவளி, ஹஜ்ஜுப் பெருநாள், நத்தார். பிரான்சை வாசிச்ச ஞாபகம் இல்லை.

அழகர்: போன மாசம் சீமையில ராணிக்கு முடி சூட்டுனாங்கன்னு லீவு உட்டு, திங்க ஆளுக்கு ஒரு பணிஸும் குடுத்தீங்களே. ராணிய உக்கார வச்சதுக்கு லீவுன்னா, ராசாவ எறக்குனதுக்கு இல்லையாங்க?

குமாரசிங்கம்: மெல்லக் கதை! பக்கத்து அறையிலை சின்னக் கிளாக்கர் இருக்கிறார்... லீவில்லாமல் நிண்டால் என்ன நடக்கும் தெரியுமோ? செக்ரோல் புத்தகத்திலை பேரை வெட்டி, வேலையாலை நிப்பாட்டிப் பத்துச்சீட்டுக் கையிலை.

அழகர்: தெரிஞ்சுதாங்க கேக்க வந்தேன். சீட்டு கிழிச்சா லயத்தயும் காலி பண்ணணும். மூணு புள்ளைங்கள இழுத்துக்கிட்டு நா எங்க போவேன்?

குமாரசிங்கம்: ஏன், பிரான்சுக்கு.

அழகர்: ...ஐயா.

குமாரசிங்கம்: சரி சரி, மூஞ்சியைத் தொங்கப் போடாதை. துரை கேட்டால் நான் பதில் சொல்ல வேணுமெல்லே. உன்னைப் பெத்த கொப்பர் எந்த ஊர்? செக்ரோலிலை துறையூர், திருச்சி ஜில்லா எண்டு கிடக்கு.

அழகர்: கப்பலேற வந்தப்ப வழி தப்பி காரைக்கால் போயிட்டாருங்க. அங்க பதினோரு நாளு இருந்தாரு. காரைக்கால் பிரெஞ்சுக்காரன் ஊருதானே.

குமாரசிங்கம்: துறையூரிலை இருந்து கப்பலேற மண்டபம் காம்புக்கு வெளிக்கிட்டவர் காரைக்காலுக்குப் போனவரோ? அது வழி தப்பினதில்லை. திசை தப்பினது.

அழகர்: அந்தப் பதினோரு நாளுல ஒரு நாளு ஜூலை பதினாலுங்க. கொடி ஏத்துனாங்களாம். பட்டாளம் வரிசையா நடந்துச்சாம். பீரங்கி போட்டாங்களாம். பொழுது சாஞ்சதும் வாணம் உட்டாங்களாம்.

குமாரசிங்கம்: கொப்பர் என்ன செய்தவர்?

அழகர்: மரத்துல ஏறிப் பாத்தாருங்க.

குமாரசிங்கம்: போதும். குடும்பமே பிரெஞ்சுதான். ஏன் அந்தக் கொண்டாட்டம்? அதைச் சொல்லு பாப்பம்.

அழகர்: ஜெயில ஒடச்ச நாளுங்க. பாரிசு டவுன்ல ராசா கட்டுன பெரிய மறியக்கூடம். அதோட பேரு... நாக்குல நிக்குது, வெளிய வர மாட்டேங்குது.

குமாரசிங்கம்: பஸ்தீல்.

அழகர்: அதேதாங்க! சனமெல்லாம் தெரண்டு போயி, கதவ ஒடச்சு, உள்ள கெடந்தவங்கள தொறந்து உட்டாங்க.

குமாரசிங்கம்: எத்தினை பேரை?

அழகர்: ஆயிரக்கணக்குலங்க!

குமாரசிங்கம்: ஏழு பேரை.

அழகர்: ...ஏழா?

குமாரசிங்கம்: நாலு பேர் கள்ளப் பத்திரம் எழுதின ஆக்கள். ரெண்டு பேர் புத்தி பேதலிச்சவை. மிச்சம் ஒருத்தர் பெரிய இடத்துப் பிள்ளை. வீட்டுக்காரரே பிடிச்சுக் குடுத்தது.

அழகர்: நம்ம ஆறாம் நம்பர் லயத்தத் தொறந்தாலே அதவிட அதிகமா வருவாங்களேங்க.

குமாரசிங்கம்: ராசா அண்டைக்கு டயரியிலை என்ன எழுதினவர் தெரியுமோ? "ஒண்டுமில்லை."

அழகர்: நாடே பத்தி எரியுறப்பவா?

குமாரசிங்கம்: வேட்டையிலை ஒண்டும் அம்பிடேல்லையாம். அதைத்தான் எழுதினவர்.

அழகர்: நம்ம பெரிய துரையும் அப்படித்தாங்க. நாங்க மூணு நாளு வேல நிறுத்தம் பண்ணப்ப, டயரியில "மழை இல்லை"ன்னு எழுதுனாராம்.

குமாரசிங்கம்: உது ஆர் உனக்குச் சொன்னது?

அழகர்: ...காத்துவாக்குல வந்துச்சுங்க.

பெரியாயி: இன்னுமா முடியல? எனக்குக் கொழுந்தெடுக்க மலைக்கு நேரமாகுது. ஐயா, இவர சீக்கிரம் அனுப்புங்க. ரெண்டு நாளா வெறகு ஒடைக்கச் சொன்னாக்கூட "பிரெஞ்சுக்காரன்கிட்ட சொல்ற வேலையா இது"ங்குறாரு.

குமாரசிங்கம்: வா, பெரியாயி. நீயும் பிரெஞ்சுக்காரியோ?

பெரியாயி: இவரக் கட்டுன பாவத்துக்குங்க.

குமாரசிங்கம்: பிள்ளையள்?

பெரியாயி: மூணும்தாங்க. கைப்புள்ளைக்கு மட்டும் இன்னும் வெவரம் தெரியாது.

அழகர்: குடும்பத்தோட போவணுங்க. பத்து மணிக்குள்ள பதுளையில நிக்கணும்.

குமாரசிங்கம்: பதுளையிலை என்ன?

அழகர்: கொடி... கும்புடத்தாங்க.

குமாரசிங்கம்: பதுளையிலை எங்கையடாப்பா பிரெஞ்சுக் கொடி பறக்குது?

அழகர்: தேடணுங்க. அதான் மொத பஸ்ஸுலயே போறோம்.

குமாரசிங்கம்: கொடி தேடப் போறவைக்குப் பிள்ளையளின்ரை பிறப்புத்துண்டு என்னத்துக்கு? பெரியாயின்ரை மடியிலை நீட்டிக்கொண்டு நிக்குது.

பெரியாயி: கூட்டத்துல புள்ள தொலஞ்சா, யாரு புள்ளன்னு கேப்பாங்கல்லங்க.

குமாரசிங்கம்: மூண்டும் ஒருமிக்கத் தொலையுமோ?

பெரியாயி: இவரு பெத்ததுங்க. நம்ப முடியாது.

குமாரசிங்கம்: நல்லது. லீவுப் புத்தகத்திலை பதியிறன். காரணம்: பிரான்ஸ் தேசத்து...

அழகர்: ஐயா, ஐயா! எழுத்துல வேணாங்க!

குமாரசிங்கம்: ஏன்?

அழகர்: துரைகிட்ட வாயால சொல்லிருங்க. நான் பிரெஞ்சுக்காரன்னு எழுத்துல இருந்துச்சுன்னா...

குமாரசிங்கம்: இருந்தால்?

அழகர்: ...நீ சொல்லேன், பெரியாயி.

பெரியாயி: சொந்தக்காரங்க பொறாமப்படுவாங்கங்க.

குமாரசிங்கம்: ம்ம்... பொறுங்கோ, போனைச் சுத்திறன்... ஹலோ... குட் மோர்ணிங் சேர். ஒரு சின்ன விசயம். எங்கடை தோட்டத்திலை பிரெஞ்சுக்காரர் இருக்கினம், சேர்... இல்லை சேர், வெறும் தேத்தண்ணிதான் குடிச்சனான்... அஞ்சு பேர், சேர். அதிலை ஒண்டு கைக்குழந்தை... காரைக்கால் வழி, சேர்... நிறமோ? வெயிலிலை நிண்ட நிறம்தான், சேர்... ஓம், பதினாலாம் தேதி... இல்லை சேர், ஒண்டையும் உடைக்க மாட்டினம். அதுக்கு நான் பொறுப்பு... தாங்க் யூ சேர்.

அழகர்: என்னங்க சொன்னாரு?

குமாரசிங்கம்: அஞ்சு நிமிசம் சிரிச்சவர். சண்டைக் காலத்திலை பாரிசிலை நிண்டவராம். அந்த நாளிலை பிரெஞ்சுக்காரனை வேலைக்குக் கூப்பிட ஆராலும் ஏலாதாம். லீவு தந்தாச்சு.

பெரியாயி: சாமி! நல்லா இருப்பீங்க!

குமாரசிங்கம்: இந்தா லீவுத் துண்டு. "சொந்த அலுவல்" எண்டுதான் எழுதியிருக்கிறன். மடிச்சபடியே கொண்டு போ... ஏன் இன்னும் நிக்கிறியள்?

பெரியாயி: கேளுங்க.

அழகர்: நீ கேளு.

பெரியாயி: பிரெஞ்சுக்காரரு நீங்களா, நானா?

அழகர்: ஐயா... அந்தக் கடுதாசி இல்லாம உள்ள உட மாட்டாங்களாம்.

குமாரசிங்கம்: எந்தக் கடுதாசி?

அழகர்: பதுளைக் கச்சேரியிலருந்து வந்ததுங்க. பதினாலாந் தேதி பத்து மணிக்கு, பிரசாவுரிமை விசாரணைக்குக் குடும்பத்தோட வரச்சொல்லி. போவாட்டி மனுவத் தள்ளிருவாங்க. அப்புறம் நாங்க இலங்கையும் இல்ல, இந்தியாவும் இல்ல. சீசன் முடியிறமட்டும் அத எங்க கண்ணுல காட்டக் கூடாதுன்னு துரை ஒங்ககிட்ட சொன்னதும் தெரியுங்க.

குமாரசிங்கம்: தெரிஞ்சுகொண்டோ இவ்வளவு நேரமும் என்னோடை மல்லுக்கட்டினனி? வந்து நேரை கேட்டிருக்கலாமே?

அழகர்: நேரா கேட்டா ஐயா துரை பேச்ச மீறணும். எங்களுக்கு லயம் போறாப்புல ஒங்களுக்குக் குவாட்டர்ஸ் போயிரும். ஒங்களுக்கும் பொண்டாட்டி புள்ள இருக்குல்லங்க.

குமாரசிங்கம்: ...துண்டை விரிச்சுப் பார்.

அழகர்: லீவுத் துண்டயா? ...ஐயா! உள்ள கச்சேரிக் கடுதாசி!

குமாரசிங்கம்: சத்தம் போடாதை எண்டெல்லே சொன்னனான்!

பெரியாயி: அப்ப ஐயாவுக்கு மொதல்லருந்தே... ஏங்க, பிரெஞ்சுப் பெருநாளச் சொல்லி லீவு கேளுன்னு ஒங்களுக்குச் சொன்னது யாரு?

அழகர்: தபால் கொண்டார ஜாபிர் பாய்தான்.

குமாரசிங்கம்: ஜாபிருக்கு ஆர் சொன்னது எண்டு நினைக்கிறியள்? அந்த அறுவானுக்கு முழுசாய் மூண்டு நாள் பாடம் எடுத்தனான், அரைவாசியை விழுங்கிப்போட்டு வந்து சொல்லியிருக்கிறான்.