தூளியில் கிடந்த சீசா

ஆண்டாள்: ...மெதுவா ஆட்டுங்க. இந்த வேகத்துல ஆட்டுனா சீசா கொட்டிக்கும்.

வெற்றிவேல்: கையி வலிக்குதுங்க. காத்தாலருந்து ஆட்டிக்கினே இருக்கறேன். பெத்த புள்ளயகூட எவனும் இப்படி ஆட்ட மாட்டான்.

ஆண்டாள்: காத்து கலந்துக்கினே இருந்தாதான் உள்ள இருக்கற கிருமிங்க பொழைக்கும். எங்க காலேஜி லேப்புல இதுக்கு மெசினே இருக்குது. இடஒதுக்கீடு கேட்டு மறியல்னு பஸ்ஸ நிறுத்திட்டா நான் இன்னா பண்றது? இந்த ஊருல சித்தி வூட்டுல மாட்டிக்கினேன்.

வெற்றிவேல்: அதுக்கு எங்க மோட்டார் கொட்டாய்ல, எங்கம்மா சேலைல தூளியா? பக்கத்துக் கொல்லை ஜெயம்மாக்கா எட்டிப் பாத்துட்டு, யார் வூட்டுக் கொழந்தன்னு கேட்டுச்சு.

ஆண்டாள்: ஐயோ... நீங்க இன்னா சொன்னீங்க?

வெற்றிவேல்: தூங்குது, அப்புறம் வாங்கன்னேன்.

ஆண்டாள்: அறிவிருக்குதா உங்களுக்கு...

வெற்றிவேல்: அது போய் ஒரு சொம்பு பாலு கொண்டாந்து வெச்சிட்டுப் போயிருக்குது.

ஆண்டாள்: சிரிக்காதீங்க... எனக்கும் வருது. போதும், நிறுத்துங்க. சீசாவ எடுத்து வெயில்ல புடிங்க.

வெற்றிவேல்: ...கலங்கிக் கெடக்குதுங்க. வெச்சப்ப கண்ணாடி மாதிரி இருந்துச்சே. மண்ணா?

ஆண்டாள்: மண்ணு இல்ல. உங்க கரும்புக் கொல்லை மண்ணு ஒரு சிட்டிகைதான் போட்டேன். அப்புறம் அந்தத் தண்ணில துளியூண்டு எடுத்து புதுத் தண்ணிக்கு மாத்தி மாத்தி, மண்ணே இல்லாம பண்ணியாச்சு. இது பூரா கிருமி. பாக்டீரியா. கோடி கோடியா பெருகியிருக்குது.

வெற்றிவேல்: அதுங்களுக்கு தீனி இன்னா போட்டீங்க?

ஆண்டாள்: கொஞ்சம் உப்பு. அப்புறம் எங்க அப்பா கடைல நீங்க வாங்குன களைக்கொல்லி. வேற ஒண்ணும் இல்ல.

வெற்றிவேல்: வெசத்தயா தின்னுது?

ஆண்டாள்: தின்னு கொழுக்குது. அந்த இன்னொரு சீசாவ பாருங்க. அதே மருந்துதான். ஆனா மண்ண சித்தியோட வாணல்ல வறுத்துப் போட்டேன். கிருமி செத்துப்போச்சு, தண்ணி தெளிவாவே நிக்குது.

வெற்றிவேல்: அந்த வாணல்லதான நேத்து உங்க சித்தி எனக்கு வடை சுட்டுக் குடுத்தாங்க?

ஆண்டாள்: கழுவித்தாங்க வெச்சேன்... அத்த வுடுங்க. மொத தபா இதே மாதிரி வெச்ச ரெண்டு சீசாத் தண்ணியயும், கொட்டாங்குச்சில வெதச்ச உளுந்துக்கு தனித்தனியா ஊத்தியிருந்தேனே. அந்தக் கொட்டாங்குச்சி ரெண்டயும் எடுங்க.

வெற்றிவேல்: இதுல மொளச்சது கோணிக்கினு சுருண்டு கெடக்குது. இதுல நல்லா நிமுந்து நிக்குது.

ஆண்டாள்: கோணினது வறுத்த மண்ணு. வெசம் அப்படியே இருக்குது. நிமுந்தது உங்க கொல்லை மண்ணு. வெசமே இல்ல.

வெற்றிவேல்: அப்ப... மருந்து கலப்படம் இல்ல.

ஆண்டாள்: இல்ல.

வெற்றிவேல்: மொத வருசம் தெளிச்சப்ப களை கருகிச்சு. இந்த வருசம் ஒரு இலகூட வாடலயே.

ஆண்டாள்: வருசா வருசம் அதே மருந்த போட்டுக்கினு வந்தீங்க. அத்த தின்னத் தெரிஞ்ச கிருமி மொதல்ல கம்மியாத்தான் இருந்திருக்கும். தீனி கெடைக்கக் கெடைக்க ஜாஸ்தியாச்சு. இப்ப நீங்க தெளிச்சா, களைக்கி முந்தி அதுங்க பந்தில உக்காந்துக்குது.

வெற்றிவேல்: நான் மூஞ்ச எங்க கொண்டுபோய் வெப்பேன்... கள்ளக்குறிச்சி சந்தைல அத்தினி பேர் முன்னாடி உங்க அப்பாவ போலி மருந்துக்காரன்னு கத்திட்டு வந்தேனே.

ஆண்டாள்: அப்புறம் கடைக்கி ஒருத்தரும் வரல. மூடிடலாம்னு அம்மாகிட்ட சொல்லியிருக்கறாரு. அதான் சொல்லாம கொள்ளாம வந்து உங்க கொல்லைல மண்ணு அள்ளினேன்.

வெற்றிவேல்: கரும்பு திருட வந்தவன்னு நெனச்சி நான் தொரத்தினேன்.

ஆண்டாள்: தடியத் தூக்கிக்கினு.

வெற்றிவேல்: வர்ற சந்தைல, கத்துன அதே எடத்துல நின்னு சொல்றேங்க. சின்னக்கண்ணு கடை மருந்து நல்ல மருந்து, எங்க மண்ணுதான் தின்னுடுச்சுன்னு.

ஆண்டாள்: நம்புவாங்களா?

வெற்றிவேல்: நம்பலன்னா அங்கயே தூளி கட்டிடறேன்.

ஆண்டாள்: ...களைக்கி இது கெட்ட சேதிதாங்க. ஆனா நல்லதும் இருக்குது. மலைலருந்து மழை எறங்குனா கொல்லை மருந்தெல்லாம் ஏரிக்கு ஓடுது இல்ல? ஏரிச் சேத்துலயும் இதுங்க இருந்தா வெசம் தங்காது. இருக்குதான்னு பாக்கணும்... அதுக்கு நாளாவும்.

வெற்றிவேல்: ஆவட்டும். சேறு நான் அள்ளியாறேன். இன்னொரு சேலையும் எடுத்தாறேன். நீங்க எங்க போப்போறீங்க? ரோடு பூரா மரத்த வெட்டிப் போட்டிருக்கறாங்க. மேல வெள்ளிமலைலருந்து வர்ற ஜீப்புகூட எறங்கல. பஸ்ஸு இப்பக்கி வராது.

ஆண்டாள்: வராதுங்களா...

வெற்றிவேல்: வரவே வராது... இன்னாங்க, சிரிக்கறீங்க?

ஆண்டாள்: ஒண்ணுமில்ல.

வெற்றிவேல்: ...சரி, சொல்லிடறேன். பஸ்ஸு முந்தாநேத்தே ஓட ஆரம்பிச்சிடுச்சு. உங்ககிட்ட சொல்ல மனசு வரல.

ஆண்டாள்: தெரியும். அந்த மொத பஸ்ஸுலதான் கள்ளக்குறிச்சிக்கிப் போயி, உளுந்து மொளச்சத எங்க அப்பாகிட்ட காட்டிட்டு, சித்தி வூட்டுல இருக்கற துணிமணிய எடுத்துக்கினு வந்துடறேன்னு அவருகிட்ட பொய் சொல்லி, கடைசி பஸ்ஸுல திரும்பி வந்தேன்.