ஒரு விரல் வெளிச்சம்

வெயில் காலத்தில் துணி சீக்கிரம் காய்ந்துவிடும். எனக்கு வெயில் பிடிப்பதற்கு அது ஒன்றுதான் காரணம். மற்றபடி வியர்வை, புழுக்கம், ஊசி விரலில் வழுக்குவது, இதெல்லாம் எல்லோருக்கும் உள்ளதுதான். நான் தையல்காரி, டாக்டரம்மா. முப்பது வருஷமாக ஓரம் அடிக்கிறேன்.

போன வாரம் நீங்கள் கேட்டீர்கள்: "உங்க தங்கச்சிக்கு இது எப்ப ஆரம்பிச்சுது? யோசிச்சுச் சொல்லுங்க, அவசரமே இல்ல." யோசிக்க ஒன்றும் இல்லை, எனக்கு நாளே தெரியும். ஆனால் சின்னவள் என்ன வேலை செய்கிறாள் என்று முதலில் உங்களுக்குப் புரிய வேண்டும். இல்லாவிட்டால் நான் செய்தது ஏதோ பெரிய அநியாயம் போலத் தோன்றும்.

அவள் வெயிலை வைத்துத் துணியில் அச்சுப் போடுகிறவள். வெள்ளைத் துணியில் ஒரு மருந்தைத் தடவி இருட்டறையில் காயப் போடுவாள். காய்ந்ததும் அதன் மேல் இலை, இறகு, புல் என்று எதையாவது பரப்பி வெயிலில் வைப்பாள். பத்து நிமிஷம் கழித்துத் தண்ணீரில் அலசினால் வெயில் பட்ட இடமெல்லாம் கருநீலமாகிவிடும். இலை மறைத்திருந்த இடம் மட்டும் பளிச்சென்று வெள்ளையாக நிற்கும். கழுத்துத் துண்டு, மேசை விரிப்பு, தலையணை உறை எல்லாம் இப்படித்தான். அவள் அச்சுப் போடுவாள், நான் ஓரம் தைப்பேன்.

கோடை முழுக்க வாரம் ஒரு நாள் கைவினைச் சந்தையில் எங்களுக்கு ஒரு மேசை உண்டு. பக்கத்து மேசை சோப்புக்காரருடையது. பரிசுப் பொருள் தேடி வருகிறவர்கள் அவரைத் தாண்டிக்கொண்டு எங்களிடம் வந்து நிற்பார்கள். அவருக்கு வயிறு எரியும், ஆனால் நல்ல மனுஷன். "நீலத்தைக் கண்டா எல்லாருக்கும் கண்ணு போயிடுது. நாளைலேருந்து நானும் நீல சோப்புதான்" என்பார்.

இந்த வேலையில் ஒரே ஒரு கட்டுப்பாடு உண்டு. மருந்து தடவிய துணி, வெயிலுக்குப் போகும்வரை வெளிச்சத்தைப் பார்க்கவே கூடாது. கொஞ்சம் பார்த்தாலும் போச்சு, துணி முழுக்க ஒரு மங்கல் ஏறிவிடும். எத்தனை அலசினாலும் வெள்ளை வெள்ளையாக வராது, அழுக்குத் தண்ணீரில் நனைத்த மாதிரி இருக்கும். முன்கூட்டிக் கண்டுபிடிக்கவும் முடியாது. இருட்டறையில் எரிவது சின்ன மஞ்சள் விளக்கு. அந்த விளக்கில் எல்லாத் துணியும் ஒரே நிறம்தான்.

அவளுக்கும் எனக்கும் பதினாறு வயசு வித்தியாசம். அவள் பிறந்த ஏழாம் மாசம் அம்மா போய்விட்டாள். அப்பா இருந்தும் இல்லாதவர். மடியில் அவளைப் போட்டுக்கொண்டுதான் மெஷின் மிதிக்கப் பழகினேன். வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி வளர்த்தேன் என்றெல்லாம் சொல்ல மாட்டேன். அப்படிச் சொல்கிறவர்கள் திருப்பி எதையோ எதிர்பார்க்கிறார்கள், நான் எதிர்பார்க்கவில்லை. என்னைக் கட்டிக்கொள்கிறேன் என்று ஒருவர் வந்தார். குழந்தையைப் பார்த்துவிட்டு, "இது எத்தனை நாளைக்கு உன்கூட இருக்கும்?" என்று கேட்டார். "எப்பவும்" என்றேன். அவர் குடித்த டம்ளரைக் கீழே வைத்துவிட்டுப் போனவர்தான்.

மூன்று வருஷம் முன்னால் அவள் எனக்கு ஒரு மெஷின் உறை செய்து தந்தாள். நீலத்துணியில் என் கத்தரிக்கோல், அளவு நாடா, நூல்கண்டு மூன்றும் வெள்ளையாக இருந்தன. "கத்தரிக்கோலைக் காணோம்னு வீட்டையே ரெண்டாக்கினியே, அது வெயில் காய்ஞ்சிட்டிருந்துச்சுக்கா" என்று விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்கென்று ஒருவர் கையால் செய்து கொடுத்த பொருள் என் ஆயுசில் அது ஒன்றுதான். அன்றைக்கு முழுக்க மெஷினைத் திறக்க மனசே வரவில்லை.

போன கோடை ஆரம்பத்தில் எங்கள் மேசைக்கு ஒரு அம்மா வந்தார். தூரத்து நகரத்தில் கைவினைக் கண்காட்சி நடத்துகிறவர். ஒவ்வொரு துணியாக எடுத்து வெயிலில் பிடித்துப் பார்த்தார். அப்புறம் சின்னவளின் கையைப் பிடித்துக்கொண்டார். "இது சாதாரணக் கை இல்லம்மா. கோடை முடியறதுக்குள்ள இருபது துணி பண்ணி வை, நான் வந்து பார்க்கறேன். சரியா இருந்தா எங்க ஊர்ல உனக்கு ஒரு பட்டறை, தங்கறதுக்கு ஒரு ரூம். ஒரு வருஷம் இருந்து பாரு, பிடிச்சா அங்கேயே இருந்துக்கலாம்."

"அக்காவும் வரலாமா?" என்று சின்னவள் கேட்டாள்.

"இடம் ஒருத்தருக்குத்தாம்மா."

சின்னவள் என்னைப் பார்த்தாள். "போடி, போய்ப் பொழைக்கிற வழியப் பாரு. நான் என்ன கைக்குழந்தையா?" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எனக்கு மனசாரச் சந்தோஷம்தான், அதை எழுதிக்கொள்ளுங்கள்.

முதல் ஏழு துணியும் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல வந்தன. ஏழாவது துணியை மடித்து வைத்த அன்றைக்கு அவள் பரணிலிருந்து பயணப் பையை இறக்கினாள். வேறு ஒன்றும் செய்யவில்லை, தூசி தட்டித் திருப்பி மூலையில் வைத்தாள். பாட்டு ஒன்றை முணுமுணுத்துக்கொண்டே தட்டினாள்.

மறுநாள் காலை அவள் இலை பறிக்கப் போயிருந்தாள். நான் இருட்டறைப் பக்கம் போனேன். அது வீட்டின் பின்கட்டில் இருக்கிறது. கதவைத் திறந்தால் ஒரு கறுப்புத் திரை, வெளியே முற்றத்து வெயில். கொடியில் மூன்று துணி காய்ந்துகொண்டிருந்தன. நான் துணியைத் தொடவில்லை, மருந்தில் எதையும் கலக்கவில்லை. திரையை ஒரு விரல் அளவு விலக்கினேன், அவ்வளவுதான். வெயில் துணி மேல் விழக்கூட இல்லை, சுவரில் பட்டு அறைக்குள் லேசாகப் பரவியது. இருநூறு எண்ணினேன். திரையை இழுத்துவிட்டு வந்து உலையை வைத்தேன். எப்போது ஆரம்பித்தது என்று கேட்டீர்களே, அன்றைக்குத்தான்.

மூன்றும் மங்கலாக வந்தன. அலசும் தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். "விடு கண்ணு, யானைக்கும் அடி சறுக்கும்" என்று தோளில் கை வைத்தேன். பன்னிரண்டு வயசுக்கு அப்புறம் முதல் தடவையாக என் மடியில் தலை வைத்துப் படுத்தாள்.

அவள் ஒன்றும் முட்டாள் இல்லை. முதலில் சந்தேகப்பட்டது வெளிச்சத்தைத்தான். கதவு இடுக்கு, ஓட்டு இடுக்கு என்று ஒன்று விடாமல் கறுப்புக் காகிதம் ஒட்டினாள். ஏணியைப் பிடித்துக்கொண்டது நான், பசை காய்ச்சிக் கொடுத்ததும் நான். அப்புறம் தண்ணீரை மாற்றினாள், துணியை மாற்றினாள், புது மருந்து வரவழைத்தாள். சந்தையில் சோப்புக்காரர் கூடக் கேட்டார்: "உள்ள எங்கயாச்சும் வெளிச்சம் போகுதான்னு நல்லாப் பாத்தீங்களா?"

"அதெப்படிங்க போகும்? நான்தான் நாள் பூரா வீட்டுல இருக்கேனே" என்றேன்.

எல்லாத் துணியையும் கெடுக்கவில்லை. அதைச் சொல்லியாக வேண்டும். சில நாள் விட்டுவிடுவேன். ஒரு துணி நன்றாக வந்துவிட்டால் அவள் முகம் மலரும், அதைப் பார்க்க எனக்கும் ஆசை இருக்காதா? அடுத்தது கெட்டுப்போகும். எதனால் நன்றாக வருகிறது, எதனால் கெடுகிறது என்று அவளுக்குப் பிடிபடவே இல்லை. இப்போது யோசித்தால் அதுதான் அவளை அதிகம் படுத்தியதோ என்று தோன்றுகிறது.

ஒரு நாள் மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தினாள். "அக்கா, நான் இல்லாதப்ப நீ அந்த ரூமுக்குள்ள போனியா?"

"நான் எதுக்குடி போகப்போறேன்?"

அவ்வளவுதான் கேட்டாள். தட்டைத் தள்ளி வைத்தாள். பிறகு, "உன்னைப் போய்ச் சந்தேகப்பட்டுட்டேனே, நான் மனுஷியே இல்லக்கா" என்று தேம்பித் தேம்பி அழுதாள். நானும் அழுதேன். பொய்யாக இல்லை, நிஜமாகவே அழுகை வந்தது. அன்றைக்குச் சாயங்காலம் இருவரும் கைகோத்துக்கொண்டு கடைத்தெரு வரைக்கும் நடந்துவிட்டு வந்தோம்.

பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுவது என்று சொல்வார்கள். கிள்ளுவதை மட்டும்தான் பேசுகிறார்கள். தொட்டிலை எத்தனை நேரம் ஆட்ட வேண்டியிருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. நான் சலிக்காமல் ஆட்டினேன். தலை வாரிவிட்டேன், நெற்றியில் தைலம் தேய்த்தேன், தூங்கும்வரை பக்கத்தில் இருந்தேன். அந்த ஆறு வாரம் போல நான் சந்தோஷமாக இருந்ததே இல்லை, டாக்டரம்மா. ஒளிக்க என்ன இருக்கிறது?

எல்லாவற்றையும் மாற்றிப் பார்த்த பிறகு மாற்றாதது ஒன்றுதான் மிச்சம் என்று அவளே ஒரு முடிவுக்கு வந்தாள். "என் கைதான்க்கா" என்றாள். "என் கையிலதான் ஏதோ இருக்கு. தொட்டதெல்லாம் மங்கிப்போகுது." நான் அந்தக் கையை எடுத்து முத்தம் கொடுத்தேன். "இல்லை" என்று சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. மூலையில் அந்தப் பயணப் பை நின்றுகொண்டிருந்தது.

கண்காட்சிக்காரம்மா வருவதற்கு முந்தின நாள் அவள் நன்றாக வந்திருந்த துணிகளை எல்லாம் எடுத்து, சலவைச் சோடா கரைத்த வாளியில் முக்கினாள். சோடா பட்டால் அந்த நீலம் நிற்காது, வெளிறிப் பழுப்பாகிவிடும். அது அவளுக்குத் தெரியாததா? "இதெல்லாம் தப்பித் தவறி வந்ததுக்கா, என்னோடது இல்ல" என்றாள். அதை நான் எதிர்பார்க்கவில்லை. ஓடிப்போய் வாளியைப் பிடுங்கினேன். என் மெஷின் உறை ஒன்றுதான் தப்பித்தது, அது மெஷின் மேலேயே கிடந்ததால்.

அந்த அம்மா வந்தார். தங்கமான மனுஷி. மங்கல் துணிகளைப் பார்த்துவிட்டு ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. "பரவாயில்லம்மா, அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்றார். என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "உங்கள மாதிரி ஒரு அக்கா கிடைக்க அவ குடுத்து வெச்சிருக்கணும். பத்திரமாப் பாத்துக்கோங்க" என்றார்.

அவர் போனதும் சின்னவள் இருட்டறைக்குள் போய் உட்கார்ந்தாள். அடுத்த நாளும் வரவில்லை. அதற்கப்புறம் நடந்தது உங்கள் குறிப்பில் இருக்கிறது: பேச்சு நின்றது, வெளிச்சத்தைப் பார்த்தால் முகத்தை மூடிக்கொள்வது. எதையும் கையால் தொடுவதில்லை, தொட்டால் கெட்டுப்போகும் என்ற பயம். அதனால் நான்தான் ஊட்டிவிடுகிறேன், நான்தான் குளிப்பாட்டுகிறேன். ஒரு வயசில் எப்படி வாயைத் திறப்பாளோ அப்படியே திறக்கிறாள். முப்பது வயசுப் பெண் அப்படி வாயைத் திறப்பதைப் பார்க்கும்போது எனக்கு நெஞ்சு வெடிக்கிறது. நம்புங்கள்.

நீங்கள் கெட்டிக்காரர். "ஒரே ஒரு துணி போடச் சொல்லுங்க. அது நல்லா வந்துச்சுன்னா பாதி குணம் ஆன மாதிரி" என்றீர்கள். நான் சொன்னேன். பத்து நாள் கெஞ்சினேன். நேற்று எட்டு மாசத்துக்குப் பிறகு தூரிகையைக் கையில் எடுத்தாள். ஓரம் வரைக்கும் மருந்தை ஒரே சீராகத் தடவினாள். யாருக்கு என்று கேட்டேன். "உனக்குத்தான்க்கா. மெஷின் உறை பழசாயிடுச்சில்ல" என்றாள். எட்டு மாசத்தில் அவள் பேசிய முதல் பேச்சு அது.

துணி இப்போது கொடியில் தொங்குகிறது. உங்கள் மாத்திரை சாப்பிட்டுவிட்டுத் தூங்குகிறாள். பன்னிரண்டு மணிக்கு எழுந்து வெயிலில் வைக்கப்போகிறாள். அதற்குள் நான் வீட்டுக்குப் போக வேண்டும். அலசும்போது யாராவது பக்கத்தில் இருக்க வேண்டாமா?

இதையெல்லாம் நீங்கள் எங்கே சொல்ல வேண்டுமோ சொல்லிக்கொள்ளுங்கள், அவளிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள். அவளுக்கு இந்த உலகத்தில் நான் ஒருத்திதான். நான் செய்தது தப்பு என்று எனக்கே தெரியும், அதனால்தான் உங்களிடம் வந்து உட்கார்ந்திருக்கிறேன். அதையெல்லாம் எப்போதோ விட்டுவிட்டேன். இன்று காலை கிளம்பும்போது கூடத் திரையை என் கையால் இழுத்து மூடிவிட்டுத்தான் வந்தேன். ஒரு விரல் அளவு மட்டும் விட்டிருக்கிறேன். காற்று போகாவிட்டால் துணி எப்படிக் காயும், டாக்டரம்மா?