இடது பக்கம் தேஞ்ச டயர்

— விக்கப் போற பைக்குக்கு எதுக்கு சாந்தா இவ்ளோ நல்ல டயரு? இருக்கறதுல சாதாவா ஒண்ணப் போட்டுக் குடுத்துரலாம்.

— அதெப்படிங்க? வாங்கறவங்க தூரம் போறவங்க. மழையில வழுக்கக் கூடாதுன்னாங்க. அதுக்குத்தான் காலையிலயே வண்டிய இங்க கொண்டாந்து விட்டிருக்காங்க. இஸ்மாயில் தம்பி, அந்த டூரிங் டயரக் காட்டுங்க.

— இதோ அக்கா. இந்த வரி தண்ணியத் தள்ளி விட்டுரும். பக்கத்துல கட்டை கட்டையா இருக்கே, அந்த டயரு கல்லு மண்ணுக்கு. ஹைவேல காது கிழியும். அந்தோணி அண்ணன் கோவா போனப்பவும் இந்த டயர்தான் போட்டாரு.

— அரே, அதெல்லாம் பழைய கதை இஸ்மாயில். தோள்ல ஆபரேஷன் ஆனதும் டாக்டரு இனிமே தூரத்துக்கு ஹேண்டில் புடிக்காதேன்னுட்டாரு. எட்டு மாசமா வண்டி கவருக்குள்ள கெடக்கு. இதுலயே வேளாங்கண்ணி வரேன்னு மாதாகிட்ட நேந்துகிட்டேன். எங்க போக? அந்தக் கவர டெய்லி பாக்க முடியல, அதான் வித்துரலாம்னுட்டேன்.

— சரி சரி, கடையில வந்து கண்ணக் கசக்காதீங்க. தம்பி, பின் டயரு ரெண்டு பேரு பாரம் தாங்கணும். லக்கேஜும் இருக்கும்.

— ரெண்டு பேரா?

— புருஷன் பொண்டாட்டி.

— குடுத்து வெச்சவன்! நீயும் இருக்கியே. கோர்படி மார்க்கெட் வரைக்கும் 'மெதுவா, மெதுவா'ன்னு என் சட்டையக் கிழிச்சவ.

— அண்ணே, எட்டு மாசமா கவருக்குள்ள கெடந்துச்சுன்னா சொன்னீங்க?

— ஆமா. பேட்டரி படுத்துடக் கூடாதுன்னு சாந்தா டெய்லி ஸ்டார்ட் பண்ணி வெப்பா. நான் கம்பெனி பஸ்ஸுல ரஞ்சன்காவ் பேக்டரிக்குப் போனா, வீடு திரும்ப ஏழு மணியாயிடுது.

— ரப்பர் பொய் சொல்லாதுண்ணே. கழட்டின டயரத் தொட்டுப் பாருங்க. இடது பக்கம் மட்டும் மொழுமொழுன்னு தேஞ்சிருக்கு. கிரவுண்டுல இடது பக்கமாவே சுத்திச் சுத்தி வந்திருக்காங்க. வலது பக்கம் திருப்ப பயம். இது புதுசா கத்துக்கறவங்க வேலை!

— அரே! அந்த வாங்கறவன்தான்! சாந்தா, நான் இல்லாத நேரத்துல அவன்கிட்ட சாவியக் குடுத்தியா? ஓட்டத் தெரியாதவனுக்கு என் வண்டிதான் கெடச்சுதா?

— ஐயோ, கத்தாதீங்க. தம்பி, வலது பக்கமும் பாத்துச் சொல்லுங்களேன்.

— அட, ஆமாக்கா. இங்கயும் ஓரம் லேசாத் தேஞ்சிருக்கு. அப்ப பயம் தெளிஞ்சிருச்சு. ஆளு பாஸ்!

— கேட்டீங்களா? பாஸாம்!

— அதுக்கு நீ ஏன்டி பூரிச்சுப் போற? இஸ்மாயில், நான் சர்ச்சுல பூசைக்குப் போன நேரத்துல வண்டிய இங்க விட்டுட்டுப் போனானே, ஆளு எப்படி இருந்தான்?

— என்னண்ணே, உங்களுக்குத் தெரியாதா? அக்காதான ஓட்டிட்டு வந்தாங்க!

— சாந்தா... நீயா?

— நான்தான். ரயில்வே கிரவுண்டுல ரெண்டு தடவ விழுந்து எந்திரிச்சேன். லைசென்ஸ் வாங்கி ஒரு மாசம் ஆச்சு.

— அப்ப அந்த வாங்கறவன்?

— யாரும் வாங்கல, யாரும் விக்கல. டாக்டரு ஹேண்டில் புடிக்காதேன்னாரு, பின்னாடி உக்காராதேன்னா சொன்னாரு? வேளாங்கண்ணி வரைக்கும் 'மெதுவா, மெதுவா'ன்னு என் சட்டையக் கிழிக்காம வாங்க, போதும்.