உமி கேட்டு வந்தவன்

என் அரிசி ஆலையில் வேலை பார்த்த ஒருவரையும் நான் 'டேய்' போட்டுக் கூப்பிட்டதில்லை. வடக்கனந்தலில் யாரை வேண்டுமானாலும் விசாரித்துப் பார். பொங்கலுக்குத் துணி எடுத்துக் கொடுப்போம். வீட்டில் நல்லது கெட்டது என்றால் லீவு உண்டு. களத்தில் நெல் கிளறும் பெண்களுக்கு மழைநாளில் வெல்லக் காப்பி போட்டுக் கொடுப்பாள் என் மனைவி.

அம்மா அருள்மொழி, உன் கடிதம் வந்தது. உன் அப்பா வேடியப்பன் போன பங்குனியில் இறந்தபோது ஆள் அனுப்பினேன். நீ வரவில்லை. இப்போது ஒரே ஒரு கேள்வி எழுதியிருக்கிறாய். அன்றைக்கு 'வரமாட்டேன்' என்று என் அப்பா தன் வாயால் சொன்னாரா, இல்லை நீங்கள் சொன்னதுதானா என்று. உன் மாமன் சடையன் சாகும்போது, 'அன்னிக்கி ஒங்கப்பன் மூஞ்சியவே நான் பாக்கல, மொதலாளி சொன்னதுதான்' என்றானாம்.

எனக்கு எழுபத்தாறு வயது. இனி மறைத்து எனக்கு ஆகப்போவது ஒன்றும் இல்லை. உன் அப்பாவை அவன் இவன் என்று எழுதுவதற்கு வருத்தப்படாதே, பழகிப்போய்விட்டது.

வேலை கொடுத்தவன் ஒருவனுடைய நேரத்தைக் கேட்கலாம், உழைப்பைக் கேட்கலாம். அதற்கு மேல் கேட்கக் கூடாது. இது எங்கள் அப்பா சொல்லிக் கொடுத்தது. நானும் அப்படித்தான் இருந்தேன்.

எண்பத்தேழு செப்டம்பர். இடஒதுக்கீடு கேட்டு ஒரு வாரம் சாலை மறியல். கள்ளக்குறிச்சி ரோட்டிலும் சங்கராபுரம் ரோட்டிலும் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே போட்டுவிட்டார்கள். பஸ் இல்லை, லாரி இல்லை. என் ஆலையில் பாய்லர் பார்க்கச் சர்டிபிகேட் உள்ளவர்கள் இரண்டே பேர். ஒருவன் சங்கராபுரத்து இருசப்பன், அவனால் வர முடியவில்லை. இன்னொருவன் உன் அப்பா. தொட்டிகளில் முந்நூறு மூட்டை நெல் ஊறிக்கொண்டிருந்தது. ஊறிய நெல்லை நேரத்துக்கு அவிக்காவிட்டால் புளித்து நாறிப்போகும். மாட்டுக்குக்கூட ஆகாது.

நீ பிறந்து எட்டு நாள் ஆகியிருந்தது. உன்னைப் பார்க்க, மலையில் உன் அம்மாவின் ஊருக்குப் போக லீவு கேட்டிருந்தான். மறியல் தொடங்கியதும், இருசப்பன் வரும்வரை இரு என்றேன். சரி என்று பாய்லர் பக்கத்திலேயே சாக்கு விரித்துப் படுத்துக்கொண்டான். உனக்கு என்ன பேர் வைக்கலாம் என்று என்னிடம் கேட்டான். அருள்மொழி என்று சொன்னது நான்தான். இது உனக்குத் தெரியாது.

இரண்டாம் நாள் காலை பத்து மணிக்குச் சடையன் வந்தான். மலையிலிருந்து அணைக்கட்டு வழியாக நடந்தே வந்திருக்கிறான், கால் முட்டி வரைக்கும் சேறு. கேட்டுக்கு வெளியே நின்றபடி விஷயத்தைச் சொன்னான். அவன் அக்கா காசியம்மாளுக்கு, உன் அம்மாவுக்கு, பிள்ளை பெற்ற உடம்பில் நெருப்பாய்க் காய்ச்சல். டோலி கட்டிக் கள்ளக்குறிச்சிக்குத் தூக்கிப் போக நாலு ஆள் தயாராக இருக்கிறார்கள். ஆனால் அவள் ஆஸ்பத்திரி என்றாலே பயப்படுகிறாள்.

"மாமா வந்தாதான் வருவேன்னு கெடக்குதுங்க. ஒரு வார்த்த சொல்லி அனுப்புங்க" என்றான்.

இரு, கேட்டு வருகிறேன் என்று உள்ளே போனேன்.

உன் அப்பா அடுப்பில் உமி தள்ளிக்கொண்டிருந்தான். ஐந்து நிமிடம் நின்றேன். நீராவி எப்படி இருக்கிறது என்று கேட்டேன், சாப்பிட்டாயா என்று கேட்டேன். அவன் நிமிர்ந்து, "வெளில யாருங்க வந்துகிறது?" என்றான்.

"உமி கேட்டு வந்தவன்" என்றேன்.

கட்டிப்போட்டு வேலை வாங்குகிற ஆள் இல்லை நான். சொல்லியிருந்தால் போயிருப்பான், நானும் தடுத்திருக்க மாட்டேன். அதனால்தான் சொல்லவில்லை.

திரும்பி வந்து சடையனிடம், "உங்க மாமா பாய்லர வுட்டுட்டு வரமுடியாதுன்னுட்டான். நீ போய் அக்காவுக்கு எடுத்துச் சொல்லி இட்டுக்கினு போ" என்றேன். அவன் நம்பாமல் என்னைப் பார்த்தான். "அப்டியா சொன்னாரு?" என்று மட்டும் கேட்டான். ஆமாம் என்றேன். டீ குடித்துவிட்டுப் போகச் சொன்னேன். குடிக்கவில்லை.

அந்தச் சொல்லை அவன் அப்படியே அவளிடம் சொல்லியிருக்கிறான். அதற்குப் பிறகு அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாளாம். தண்ணீர்கூட வாங்கவில்லையாம். நீ நர்ஸ். அந்தக் காய்ச்சல் ஊசிக்குக் கேட்கும் என்று உனக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

நான்காம் நாள் கடைசித் தொட்டியும் அவிந்து முடிந்தது. அன்றைக்கே உன் அப்பாவை அனுப்பிவிட்டேன், ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கவில்லை. என் மனைவி ஒரு பழைய புடவையைக் கிழித்து உனக்குத் தொட்டில் துணி கொடுத்தாள். அதைத் தோளில் போட்டுக்கொண்டு சிரித்தபடி போனான். அவன் போய்ச் சேர்ந்தபோது காசியம்மாளைப் புதைத்து ஒரு நாள் ஆகியிருந்தது.

அந்த அரிசி, மறியல் முடிந்து மரங்களை அகற்றி லாரி வரும்வரை இரண்டு வாரம் குடோனிலேயே கிடந்தது. அதையும் சொல்லிவிடுவதுதான் நியாயம்.

கருமாதிக்கு முந்தின நாள் உன் அப்பா மலையிலிருந்து இறங்கி வந்தான். யாரும் நம்பவில்லை என்றான். சடையன் அடிக்க வந்தானாம். "எங்கிட்ட யாரும் சொல்லலன்னு நீங்க ஒரு வார்த்த சொன்னா போதுங்க. ஒங்க பேச்ச நம்புவாங்க" என்றான். யாரோ உள்ளே வந்து சொல்ல மறந்திருப்பார்கள் என்றுதான் அவன் நினைத்திருந்தான். என்னை அவன் சந்தேகப்படவே இல்லை.

ஜீப்பில் போனோம். வழியெல்லாம் உண்மையைச் சொல்லிவிடுவது என்றுதான் இருந்தேன். ஊர்ப் பெரியவர்கள் உட்கார்ந்திருந்தார்கள், சுற்றிலும் நாற்பது ஐம்பது பேர். என் ஆலையில் மூட்டை தூக்குகிறவர்களில் பாதிப் பேர் அந்த ஊர்க்காரர்கள். உன் அம்மாவைப் பெற்ற பாட்டன் முனியன் உன்னை மடியில் வைத்திருந்தார். சேதியை அவனிடம் சொன்னீர்களா என்று அவர்தான் என்னிடம் கேட்டார்.

"நான் சொன்னேன். அவன்தான் வேல முடிச்சிட்டுப் போறேன்னான்" என்றேன்.

உன் அப்பா என் முகத்தைப் பார்த்தான். உமி கேட்டு வந்தவன் யார் என்று அப்போதுதான் அவனுக்குப் புரிந்திருக்க வேண்டும். கத்துவான், என் சட்டையைப் பிடிப்பான் என்று நினைத்தேன். அவன் சொன்னது இதுதான்.

"மொதலாளி சொன்னா செரியாத்தாங்க இருக்கும்."

அவ்வளவுதான். பிள்ளை எங்களிடம் இருக்கட்டும், நீ இந்தப் பக்கம் வராதே என்றார்கள். உன்னை ஒரு தரம் தூக்கிக்கொள்ளட்டுமா என்று கேட்டான். முனியன் கொடுக்கவில்லை. என் ஜீப்பிலேயே பின்னால் உட்கார்ந்து திரும்பி வந்தான். மறுநாள் காலையில் பாய்லரைப் பற்றவைத்தான்.

அதற்குப் பிறகு முப்பத்தொரு வருஷம். பொங்கல் தவறாமல் உனக்குப் பாவாடையோ சுடிதாரோ எடுத்துக்கொண்டு மலை ஏறுவான். சாயங்காலம் அதே பையோடு இறங்கிவிடுவான். வேண்டாம் என்று திருப்பி அனுப்பியது சில வருஷம் உன் மாமன், பின்னால் நீ. உன்னைக் குறை சொல்லவில்லை. உனக்குச் சொன்னதைத்தான் நீ நம்பினாய்.

ஆகவே உன் கேள்விக்குப் பதில், இல்லை. உன் அப்பா அப்படிச் சொல்லவில்லை. அவனிடம் யாரும் கேட்கவே இல்லை. உன் அம்மா எந்தச் சொல்லைக் கேட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பினாளோ, அது என்னுடைய சொல். ஊர் நடுவே இரண்டாம் முறையும் நான்தான் சொன்னேன்.

இதில் அவனுக்கு என்மேல் வருத்தம் இருந்ததா என்று நீ கேட்கலாம். இருந்ததாக எனக்குத் தெரியவில்லை அம்மா. இருந்திருந்தால் வேறு வேலை பார்த்துக்கொண்டு போயிருப்பான். நான் யாரையும் பிடித்து வைத்ததில்லை.